பொதிதோஸுக்கு ஒரு பிடி கோதுமை

கோஸ் தீவிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரும் படகு கலிம்னோஸ் தீவின் வாதி விரிகுடாவுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு அடித்திருக்கும். இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை, நடுவே ஒடுங்கிய தண்ணீர், அது முடிகிற இடத்தில் கொஞ்சம் வீடுகள், நான்கு சாப்பாட்டுக் கடைகள். மூன்றாவது கடை தெமெலினாவுடையது. பெயர்ப்பலகை கிடையாது. எதற்குப் பலகை? படகுக்காரன் சம்பிகோஸ் ஆட்களை இறக்கிவிடும்போதே, "மூணாவது கடைக்குப் போங்க. அங்க ஒருத்தி திட்டிக்கிட்டே போடுவா, ஆனா வயித்துல இடம் மிச்சம் இருக்காது" என்று சொல்லித்தான் அனுப்புவான்.

அவன் சொல்வதில் பொய் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தட்டு சாலட் கேட்டால் தெமெலினாவுக்குப் பொறுக்காது. "மூணு பேருக்கு ஒரு தட்டா? என் ஆட்டுக்குட்டிகூட இதைவிட அதிகமா மேயும்!" என்பாள். பாஷை புரியாமல் அவர்கள் சிரிப்பார்கள். அவள் பாட்டுக்கு உள்ளே போய், ஊறவைத்த வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் தக்காளியும் ஆட்டுப்பால் சீஸும் அள்ளிப் போட்டு இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். அதற்குக் காசு கேட்கமாட்டாள். காற்றடிக்கிற நாளில் யாராவது மீன் கேட்டால், "மீனா? மூணு நாளா ஒரு படகும் போகலை. இருக்கிறதெல்லாம் ஐஸ்ல விறைச்சுக் கிடக்கு. பேசாம திராட்சை இலை சாப்பிடு" என்று கையிலிருக்கும் பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். அரிசியும் கறியும் வைத்துச் சுண்டுவிரல் கனத்துக்குச் சுருட்டிய திராட்சை இலை. அவள் கடையில் அதைத் தின்றவர்கள் அடுத்த வருஷமும் தேடிக்கொண்டு வருவார்கள்.

எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போட்ட கை அது. அந்தக் கைக்குத் தன் சொந்தப் புருஷனுக்கு ஒரு பிடி போடலாமா, கூடாதா என்பது மட்டும் இருபத்தைந்து வருஷமாகத் தெரியவில்லை. அந்தக் கொடுமையைத்தான் சொல்லப்போகிறேன்.

கலிம்னோஸ் தீவில் வீடு மூத்த மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை துணிமூட்டையோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். பொதிதோஸ் அப்படித்தான் வந்தான். கடற்பஞ்சு குளிக்கிறவன், முத்துக் குளிக்கிற மாதிரி கடலடியில் முங்கிப் பஞ்சு எடுக்கிறவன்; இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது, படகுக் கயிறு கொண்டுபோய்விட்டது. "முழு மாப்பிள்ளைன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களே" என்று கல்யாணத்தன்று தெமெலினா கேட்டாளாம். "மிச்சத்தைக் கடல்ல இருந்து வாங்கிட்டு வர்றேன்" என்றானாம் அவன். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒன்றரை வருஷம்தான் குடித்தனம். அதிலும் பாதி நாள் அவன் கடலில்.

எண்பத்துமூன்றாம் வருஷம், ஈஸ்டர் முடிந்து ஐந்து பேரோடு படகு போனது. அக்டோபரில் திரும்பி வரும் வழியில் கிரீட் தீவுக்குத் தெற்கே காற்றில் மாட்டிக்கொண்டது. நான்கு உடல்கள் கிடைத்தன. பொதிதோஸ் கிடைக்கவில்லை. அந்தப் படகில் அவனுக்கு ஒரு பங்கு இருந்தது. அவனுடைய அக்கா கலோத்தினா தன் சீதன வீட்டை விற்று வாங்கிக் கொடுத்த பங்கு அது. படகும் போயிற்று, வீடும் போயிற்று, வீடில்லாத பெண்ணைக் கட்ட எவனும் வரவில்லை. கலோத்தினா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேருமாக வாசலில் நாலு மேசை போட்டார்கள். கடை அப்படி ஆரம்பித்ததுதான்.

அவன் இறந்துவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வருஷம் ஒரு கப்பல்காரன் ஊருக்கு வந்தான். "போர்ட் சையத் துறைமுகத்துல பொதிதோஸைப் பார்த்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான், கூட்டத்துல புகுந்து போயிட்டான்" என்று சத்தியம் செய்தான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அவன் அடுத்த கப்பலில் ஏறிப் போய்விட்டான், படுபாவி. அன்று முதல் தெமெலினாவுக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

இங்கே இறந்தவர்களுக்குக் கோதுமைதான் சாப்பாடு. முழுக் கோதுமையை வேகவைத்து, துணியில் உலர்த்தி, திராட்சையும் பாதாமும் எள்ளும் கலந்து, மேலே வறுத்த மாவைத் தூவி, அதற்கும் மேலே சர்க்கரைப் பொடியை வெள்ளைவெளேர் என்று அமுக்கிவிட்டு, மாதாகோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கோவில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி. தின்கிறவர்கள், "ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை வாய் சொல்கிறதோ, அத்தனை கவளம் அவனுக்குப் போய்ச் சேர்கிறது. ஈஸ்டருக்கு வெளியே வருகிற ஆத்மாக்கள் ஐம்பது நாள் பூமியில் சுற்றிவிட்டு, பெந்தகோஸ்தே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை அழுதுகொண்டே திரும்பிப் போகும். அன்றைய கோதுமை அவர்களுக்குக் கட்டுச்சோறு. அன்றைக்கும் பெயர் சொல்ல ஆளில்லாத ஆத்மா வெறும் வயிற்றோடு நடக்கும்.

ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது கோதுமை வேகவைத்துவிட்டால்? ஐயோ, அதைப் போன்ற பாவம் உண்டா! கையால் விஷம் வைத்த மாதிரி. அவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் வருஷம் திரும்புவதற்குள் விழுந்துவிடுவான் என்பார்கள்.

அப்படியானால் தெமெலினா என்ன செய்வாள்? அவன் இருந்தால், கோதுமை அவனைக் கொல்லும். அவன் இல்லையென்றால், கோதுமை வைக்காத அவள் அவனைப் பட்டினி போடுகிறாள். இரண்டில் எது என்று தெரியாமல் வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை வந்துகொண்டே இருந்தது.

கோவிலுக்குக் கொடுக்கிற சீட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் உயிரோடு இருக்கிறவர்கள். அந்தப் பெயர்களைச் சாமி பீடத்துக்குள்ளேயே வாய்க்குள் வாசித்துக்கொள்வார். வலது பக்கம், மேலே சிலுவை போட்டு, இறந்தவர்கள். அதைத்தான் கோதுமைத் தட்டுகளுக்கு முன்னால் நின்று எல்லோர் காதிலும் விழ வாசிப்பார். தெமெலினா இருபத்தைந்து வருஷமாக இடது பத்தியில் முதல் பெயராகப் பொதிதோஸ் என்று எழுதிவந்தாள். வலது பத்தியில் அவளுடைய அப்பா சகெல்லாரிஸ், அம்மா எவ்தோகியா. கோதுமை அவர்கள் இருவருக்கு மட்டும்.

உடுப்பிலும் அதே இழுபறிதான். விதவை என்றால் கறுப்பு, சுமங்கலி என்றால் கலர். தெமெலினா சாம்பல் நிறத்தில் உடுத்தினாள். முப்பத்தோரு வயதில் நோமிகோஸ் என்ற கொத்தனார் அவளைக் கேட்டு வந்தான். நல்ல மனுஷன், குடிக்கமாட்டான், கடலுக்குப் போகிறவனும் இல்லை. தெமெலினாவுக்கும் மனசு அசைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கலோத்தினா அன்று அடுப்படியில் கரண்டியை வீசி எறிந்தாள்.

"முதல்ல என் தம்பிக்குக் கோதுமை வேகவைடி! அவனைச் சாகடிச்சிட்டு அப்புறம் தலையில பூ வச்சுக்கோ!"

அதற்கு மேல் என்ன பேச? நோமிகோஸிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் போதியா நகரத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளை பெற்றான். அதன் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை. இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் என்று சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான், கூடப்பிறந்தவர்கள் என்றே நினைப்பான்.

இந்த வருஷம் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் ஒரு மேசைகூடக் காலியில்லை. கலோத்தினா வழக்கம்போல் அந்த வெள்ளிக்கிழமை சாமான் வாங்கப் போதியாவுக்குப் போயிருந்தாள். தெமெலினா ஒற்றை ஆளாக அல்லாடிக்கொண்டிருந்தபோது கோவில் பெருக்குகிறவள் வந்து நின்றாள். "சீட்டைக் கொடு, சாமி வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றாள். கோவில் சீட்டைத் தேட நேரம் ஏது? ஆர்டர் எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நடுவில் கோடு போட்டு, வலது பக்கம் சிலுவை வரைந்தாள். சகெல்லாரிஸ், எவ்தோகியா என்று எழுதினாள். அதற்குள் ஓர மேசைக்காரர் கையை ஆட்டினார். போய், கேட்டு, வந்து, மிச்சத்தை எழுதினாள். மடித்துக் கொடுத்தாள். எட்டுக்கால் பேய்க்கணவாய் வடை எண்ணெயில் கருகுகிற வாசனை வந்ததும் உள்ளே ஓடினாள்.

சனிக்கிழமை காலையில் கலோத்தினா படகில் வருகிறவர்களுக்காகக் கடையிலேயே தங்கி இலை சுருட்டிக்கொண்டிருந்தாள். தெமெலினா தட்டைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். நடு மேசையில் முப்பது முப்பத்தைந்து தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி. இக்னாதியோஸ் சாமி சின்ன வயது, தாடிகூட இன்னும் சரியாக அடரவில்லை, போன குளிர்காலத்தில்தான் இந்த ஊருக்கு வந்தார். கட்டாகச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் வாசித்துப் போனார்.

"சகெல்லாரிஸ், எவ்தோகியா, பொதிதோஸ்..."

பொதிதோஸ் என்கிற பெயர் இந்தத் தீவில் தெருவுக்கு ஒன்று கிடக்கும். வேறு வீட்டுப் பொதிதோஸாக இருக்கும் என்றுதான் தெமெலினா முதலில் நினைத்தாள். ஆனால் அப்பா, அம்மா, அதற்கு அடுத்து அந்தப் பெயர். ஒருவேளை காதில் தப்பாக விழுந்ததோ என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்ல காரியம் பண்ணினே தெமெலினா. எத்தனை வருஷம்! இனியாவது அவன் பசியாறட்டும்."

பூசை முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக அவள் தட்டுக்கு வந்தார்கள். வழக்கமாக நாலைந்து பேர் வருவார்கள். அன்று கோவிலே வந்தது. அவனோடு பள்ளிக்கூடம் போனவன், கடைக்கு ஐஸ் போடுகிறவன், எதிர்க்கடைக்காரி, பேசி இரண்டு வருஷமான சித்தப்பா மகன். ஆளுக்கு ஒரு கரண்டி கோதுமை அள்ளி, "ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்" என்றார்கள். இருபத்தைந்து வருஷமாக இதைச் சொல்லக் காத்திருந்தவர்கள் போல் சொன்னார்கள். தெமெலினாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஒவ்வொரு கரண்டியும் எங்கோ ஒரு துறைமுகத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒருவனைக் கீழே தள்ளுவதாக அவளுக்குத் தோன்றியது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நேராகச் சாமியிடம் போனாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க சாமி! உங்களுக்குக் கண் தெரியலையா? இடது பக்கம் இருக்கிறவரைக் கொண்டுபோய் வலது பக்கம் வாசிச்சீங்களே! என் புருஷனைக் கொன்னுட்டீங்களே!"

சாமி முகம் வெளுத்துப் போனது. அங்கியின் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, அவள் தாளை எடுத்து நீட்டினார்.

சிலுவைக்குக் கீழே மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் பொதிதோஸ். அவள் கையெழுத்துதான், அந்தக் கடைசி எழுத்தின் வால்கூட அவளுடையதுதான். இடது பக்கம் கலோத்தினா, தெமெலினா என்று இரண்டே பெயர்கள். அதற்குக் கீழே ஓர மேசைக்கு இரண்டு பேய்க்கணவாய் வடை என்று எழுதியிருந்தது. சாமி அதை மட்டும் வாசிக்காமல் விட்டிருந்தார்.

"நான் எழுதினதா?" என்றாள் தெமெலினா.

"நீங்க எழுதினதைத்தான் வாசிச்சேன் அம்மா" என்றார் சாமி, மெதுவாக.

அவசரத்தில் கை தவறியது என்று சொல்லலாம். அப்படித்தான் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் இருபத்தைந்து வருஷம் எழுதிய கை, எத்தனையோ கூட்டத்துக்கு நடுவிலும் தவறாத கை. தெமெலினாவே அதை நம்பவில்லை. நான் அலுத்துப்போய்விட்டேன், அவர் எங்காவது இருந்து தொலையட்டும் அல்லது செத்துத் தொலையட்டும் என்று உள்ளுக்குள் நினைத்துவிட்டேன், அதுதான் கை எழுதிவிட்டது என்று அவளுக்குப் பட்டது. காலியாகிக்கொண்டிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

கலோத்தினா மடியில் இலைக் குவியலோடு உட்கார்ந்திருந்தாள். தெமெலினாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? விழுந்துட்டியா?"

"அக்கா, நான் அவரைக் கொன்னுட்டேன்."

"யாரை?"

"உன் தம்பியை. செத்தவங்க பக்கத்துல எழுதிட்டேன். என் கையாலதான். சாமி வாசிச்சுட்டாரு. ஊரே தின்னுடுச்சு. அவர் எங்கேயாவது உயிரோட இருந்தா..." அவளுக்கு மேலே பேச வரவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "என்னை அடி அக்கா. அந்தக் கரண்டியை எடுத்து அடி. நான் பாவி."

கலோத்தினா அடிக்கவில்லை. தெமெலினாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அடித்துக்கொள்ளும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சுக்காதடி. நீ கொல்லலை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா அவனுக்கு நான் கோதுமை வச்சுக்கிட்டு இருக்கேன்."

தெமெலினாவுக்குப் புரியவே இல்லை. கலோத்தினா அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒவ்வொரு வருஷமும் இந்த வெள்ளிக்கிழமை சாமான் வாங்கப் போதியாவுக்குப் போறேனே, எதுக்குன்னு நினைச்சே? அங்க ஒரு கோவில், யாருக்கும் என்னைத் தெரியாது. அங்க கோதுமையும் பேரும் கொடுத்துட்டு வருவேன். படகு போன மூணாவது வருஷம் கிரீட்டுல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. தெற்குக் கரையில ஏதோ ஒரு சின்ன ஊரு, நம்ம படகு முழுகினதை ரொம்ப நாள் கழிச்சுக் கேள்விப்பட்டு அந்த ஊர் சாமி எழுதினது. படகு போன அந்த மாசமே ஒரு உடம்பு கரை ஒதுங்கிச்சாம், பஞ்சு குளிக்கிறவன் மாதிரி இருந்துச்சாம். பேர் தெரியாம அவங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துலயே புதைச்சுட்டாங்களாம். இடது கையில சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சுன்னு எழுதியிருந்தாரு."

அடுப்பில் பானை கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

"கடுதாசி எங்கே?" என்றாள் தெமெலினா.

கலோத்தினா எழுந்து போய், சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றினாள். படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த உறை இருந்தது. தெமெலினா அதை வாங்கிப் படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"நோமிகோஸ் வந்தப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கரண்டியை எறிஞ்சியா?"

"ஆமா."

"ஏன்?" தெமெலினாவின் குரல் உயரவில்லை. கத்தியிருந்தாலாவது கலோத்தினாவுக்குத் தாங்கியிருக்கும்.

"முதல்ல உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. அப்போ நீ வாசல்லயே கிடந்தே, ஒவ்வொரு படகு வர்றப்பவும் எழுந்து பார்ப்பே. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கொத்தன் வந்துட்டான். இது உன் வீடு. அவன் மூட்டையைத் தூக்கிட்டு உள்ள வந்தா எனக்கு இங்க ஏது இடம்? என் வீட்டைத்தான் வித்துட்டேனே. நான் எங்க போவேன்?" கலோத்தினா ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் சுயநலக்காரிதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா அவனைப் பட்டினி போட மனசு வரலை. அதான் திருட்டுத்தனமா வச்சேன்."

அவனுக்கு ஒரு கல்லறை இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக இருக்கிறது. அதில் ஒரு விளக்கு ஏற்ற ஆளில்லை. தெமெலினாவின் மனசில் அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. போன வயசு, போன கொத்தனார், பிறக்காத பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொம்பளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் படகு ஊதியது.

முப்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். தெமெலினா முகத்தைக் கழுவிக்கொண்டு ஏப்ரனைக் கட்டினாள். வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பசி. அவர்களுக்கு உன் கதையும் என் கதையும் தெரியுமா? இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள். ஒருத்தி பொரிக்க, ஒருத்தி தட்டில் வைக்க, கை தானாக நடந்தது. நாலு பேருக்கு ஒரே ஒரு தட்டு சாலட் கேட்டார்கள் ஒரு மேசையில். தெமெலினா சரி என்று எழுதிக்கொண்டு போனாள். காபிக்கு வந்து உட்கார்ந்த சம்பிகோஸ் இதைப் பார்த்துவிட்டான்.

"என்ன இது, இன்னிக்கு ஒருத்தரையும் திட்டலை? உடம்பு சரியில்லையா? நான் காசு வாங்கிட்டு வந்ததே நீ திட்டுறதைக் காட்டத்தானே!"

அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குச் சம்பிகோஸ் படகில் முதல் ஊதல் ஊதினான். தெமெலினா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தட்டின் அடியில் மிஞ்சியிருந்த கோதுமையை வழித்து ஒரு டப்பாவில் போட்டு மூடி, துணியில் கட்டினாள். கடுதாசியைப் பைக்குள் வைத்தாள். கலோத்தினா பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"கிரீட்டுக்கு."

"இன்னிக்குள்ள போய்ச் சேரமாட்டே. கோஸ் போய், அப்புறம் ரோட்ஸ் போய், அங்க கப்பல் பிடிச்சு... திங்கக்கிழமை ஆயிடும். ஆத்மாக்கள் எல்லாம் இன்னிக்கே திரும்பிடுமே."

"இருபத்தஞ்சு வருஷம் காத்துக்கிட்டு இருந்தவர். பொண்டாட்டி கையால ஒரு பிடி வருதுன்னா இன்னும் ரெண்டு நாள் இருக்கமாட்டாரா?"

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

கலோத்தினா கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் என் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடணுமா?"

தெமெலினா அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், போ என்று. சொன்னால் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அறுபதை நெருங்குகிற பொம்பளை, கையில் சோப்பு நுரை, போக ஒரு கூரை கிடையாது.

"நாளைக்கு முப்பது பேர் வருவாங்க. யாரு சோறு போடுவா? இரு" என்றாள்.

"என்னை மன்னிச்சுட்டியா?"

"இல்லை" என்றாள் தெமெலினா. "அவரை மன்னிக்கச் சொல்லித்தான் ஆண்டவனைக் கேக்கப் போறேன். உன்னைப் பத்தி இன்னும் ஒண்ணும் நினைக்க முடியலை அக்கா."

இறங்கி நடந்தாள். படகின் பலகையில் அவள் கால் வைத்ததைப் பார்த்துச் சம்பிகோஸ் வாயைப் பிளந்தான். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கரைக்கு வருகிறான், அவள் ஒரு நாளும் ஏறியதில்லை.

"அடடா, மகாராணி இன்னிக்கு ஊர்கோலமா! கையில என்ன, சாப்பாடா? யாருக்குக் கொண்டுபோறே?"

"என் புருஷனுக்கு" என்றாள் தெமெலினா. "பொதிதோஸுக்கு."

அவள் துணியை அவிழ்த்து டப்பாவைத் திறந்து காட்டினாள். சர்க்கரைப் பொடி படிந்த கோதுமையைப் பார்த்ததும் சம்பிகோஸின் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றினான். இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் போனான்.

படகு நகர்ந்தது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பெண், மத்தியானம் அந்த ஒரே சாலட்டைக் கேட்ட மேசைக்காரி, டப்பாவைப் பார்த்தாள். இது என்ன என்று கண்ணால் கேட்டாள். தெமெலினா டப்பாவை நீட்டினாள். அவள் ஒரு கரண்டியளவு அள்ளித் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டி, தன் கூட்டாளிகளிடம் கொடுத்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டு அடுத்த பலகைக்கு நீட்டினார்கள். தின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வாயாகத் தெமெலினா பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொருவருக்காகவும் அவளே சொன்னாள். "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும். ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்." அந்த வார்த்தையை அவள் அவனுக்காகச் சொன்னது அதுதான் முதல்முறை. நாலைந்து பேருக்குச் சொன்ன பிறகு அழுதாள், அழுதுகொண்டே சொன்னாள்.

டப்பா சுற்றித் திரும்பி வந்தபோது அடியில் ஒரு பிடி இருந்தது. அதை யாருக்கும் கொடுக்காமல் மூடித் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.